இணைந்த கணிதத்தை இரண்டாம் தடவை எழுதியபோது

2022 ஓகஸ்ட் கடைசியில் உயர்தரப் பெறுபேறு வந்தது. பௌதிகவியல் சி, இரசாயனவியல் சி, இணைந்த கணிதம் எஸ், அதாவது மட்டுமட்டான சித்தி. அதே மாதத்தில்தான் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. அப்பாவின் படகு மண்ணெண்ணெயில் ஓடுவது. அலஸ்தோட்டக் கரையில் அதை ஏற்றி வைத்துவிட்டு, முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். அம்மா ஒன்றுதான் கேட்டா: "திரும்ப எழுதுவியா மகள்?" ஓம் என்றேன். அடுத்த பரீட்சை 2023 ஜனவரி 23 இல் தொடங்கியது. கையில் ஐந்து மாதம்கூட இல்லை.

திருகோணமலையில் இருந்து உயர்தரத்தில் மெட்ஸ், அதாவது கணிதப் பிரிவு, படிக்கிற பிள்ளைகள், முக்கியமாகக் கணிதத்தில் எஸ் எடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள், இதை வாசிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நான் அந்த இடத்தில் இருந்திருக்கிறேன்.

முதல் தடவை நான் படிக்காமல் விடவில்லை. கொரோனா காலம், பாதி வகுப்பு சூமில். டவுனில் ஒரு டியூஷனுக்கும் போனேன். அங்கே பலகையில் கணக்குச் செய்வார்கள், நாங்கள் எழுதி எடுப்போம். பத்துப் பதினைந்து கொப்பி நிரம்பியது. ஒரு கணக்கைப் பார்த்தால் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தது செய்ததற்குச் சமன் என்று நம்பிவிட்டேன்.

பெறுபேறு வந்து ஒரு கிழமையில், எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவர் வீட்டுக்கு வந்தார். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். பழைய பேப்பர் ஒன்றைத் தந்து, மூன்று மணித்தியாலம் இருந்து எழுது, நான் பிறகு வாறன் என்றார். எழுதினேன். சரியாகச் செய்திருக்கிறேன் என்று நினைத்ததையெல்லாம் கூட்டிப் பார்க்க 600 தாண்டியது. அக்கா பரீட்சைத் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கையை விரித்து வைத்து, சிவப்புப் பேனையால் திருத்தினார். 415.

அந்தத் திருத்தம் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இணைந்த கணிதத்தில் இரண்டு வினாத்தாள், ஒவ்வொன்றும் 3 மணித்தியாலம், ஒவ்வொன்றுக்கும் 1000 புள்ளி. பகுதி அ-வில் 10 கேள்வி, தலா 25 புள்ளி, எல்லாம் செய்ய வேண்டும். பகுதி ஆ-வில் 7 கேள்வி, 5 செய்தால் போதும், தலா 150. இந்தப் புள்ளிகள் ஐந்து ஐந்தாகத்தான் வருகின்றன. எந்த வரிக்கு எந்த ஐந்து என்று புள்ளித்திட்டத்தில் இருக்கிறது. கணிதத் தொகுத்தறிவுக் கேள்வியை நான் முழுதாகச் செய்திருந்தேன். 1 இற்குக் காட்டி, பீ-க்கு உண்மையெனக் கொண்டு, பீ கூட்டல் 1 இற்கு நிறுவி, அடியில் ஒரு கோடு போட்டிருந்தேன். "ஆகவே தொகுத்தறிவுக் கோட்பாட்டின்படி எல்லா நேர் நிறைவெண்களுக்கும் உண்மை" என்ற வரி இல்லை. ஐந்து போனது. தொகையீட்டில் எதேச்சை மாறிலி போடவில்லை, இன்னும் ஐந்து. நிலையியல் கணக்கில் விசைகளைப் படத்தில் குறிக்காமல் சமன்பாட்டுக்குப் போயிருந்தேன், அங்கே பத்து. வட்டக் கேள்வியில் விடை சரி, ஆனால் நடுவில் இரண்டு வரியை மனதுக்குள்ளேயே செய்திருந்தேன். மனதுக்குள் செய்ததற்குப் புள்ளி போடுவதற்கு யாரால் முடியும்?

அக்கா சொன்னது இதுதான்: "நீ இவ்வளவு நாளும் கணக்கு வாசிச்சிருக்கிறாய். இனி எழுது. எழுதினதை நீயே திருத்து."

அதன்பின் என் கிழமை இப்படி ஆனது. சனிக்கிழமை காலை ஒரு பேப்பர், மணிக்கூட்டை முன்னால் வைத்து, இடையில் எழும்பாமல். பின்னேரம் நானே திருத்துவேன். பக்கத்தில் யாருமில்லாதபோது தனக்குத்தானே புள்ளி போடுவது கஷ்டம். கை தாராளமாகப் போகும். அதனால் திட்டத்தில் உள்ள வரி என் தாளில் இல்லாவிட்டால், தெரிந்திருந்தாலும் பூச்சியம் என்று வைத்துக்கொண்டேன். ஞாயிறு முதல் வெள்ளி வரை, அந்தப் பேப்பரில் இழந்த ஐந்துகளை மட்டும் பிடித்து, அந்த அலகில் கணக்குச் செய்தேன். புதிய பேப்பர் தொடவில்லை. கூடப் படித்தவர்கள் ஒரு நாளைக்கு ஒரு பேப்பர் முடித்துக்கொண்டிருந்தார்கள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் திருத்தாத பேப்பர் பத்தைவிடத் திருத்திய பேப்பர் ஒன்று கூடுதலாகப் படிப்பித்தது என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

பேப்பருக்குப் பஞ்சமில்லை. திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள்கள் இருக்கின்றன. தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தவணைப் பேப்பர்கள் இருக்கின்றன, கொஞ்சம் கடினமானவை. மொறட்டுவப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத் தமிழ் மாணவர்கள் நடத்தும் முன்னோடிப் பரீட்சையின் பேப்பர்களும் கிடைக்கும். மதிப்பீட்டு அறிக்கையை மட்டும் எப்படியாவது தேடி எடுங்கள். பிள்ளைகள் எங்கே பிழைவிடுகிறார்கள் என்று கேள்வி கேள்வியாக எழுதியிருப்பார்கள்.

நேரம் பற்றி. 1000 இல் பகுதி அ 250, கால் பங்கு. 180 நிமிடத்தில் கால் பங்கு 45 நிமிடம். பத்துக் கேள்வியை 45 நிமிடத்தில் முடிக்க என்னால் கடைசிவரை முடியவில்லை. 55 என்று வைத்தேன். மிச்சம் 125, ஐந்து கேள்வி, ஒன்றுக்கு 25 நிமிடம். 25 ஆனதும் பேனையை எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். இதைப் பழகத்தான் அதிக நாள் எடுத்தது. பாதியில் நிற்கிற கணக்கை விட்டுப்போக மனம் வராது.

ஏழில் எந்த ஐந்து என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்தேன். இரண்டாம் தாளில் ஆப்பு, வட்ட இயக்கம் வருகிற கேள்வியையும் எளிமை இசை இயக்கத்தையும் விட்டேன். நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும் வருகிற கடைசிக் கேள்வியை எங்கள் வகுப்பில் பலர் தொடுவதில்லை. நான் அதைப் பிடித்துக்கொண்டேன், பழகினால் கைவிடாத கேள்வி அது. ஆனால் விட்ட அலகுகளை முற்றாக விடவில்லை. பகுதி அ-வில் அவையும் வரும், அங்கே தெரிவு கிடையாது.

எனக்கு நீண்ட நாளாகப் பிடிபடாமல் இருந்தது தொடர்பு வேகம், அதாவது ஒன்று சார்பாக இன்னொன்றின் வேகம். ஒக்டோபரில் ஒரு பின்னேரம், கரண்ட் போய்விட்டது, விறாந்தையில் இருந்து செய்துகொண்டிருந்தேன். கணக்கு இதுதான்: நீரோட்டம் தெற்கு நோக்கி மணிக்கு 3 கிலோமீற்றர். நீர் சார்பாகப் படகின் வேகம் 5. நேர் கிழக்கே 12 கிலோமீற்றரில் உள்ள இடத்துக்குப் போக எவ்வளவு நேரம்? நான் 5 ஐக் கிழக்கே போட்டு, 3 ஐத் தெற்கே போட்டு, வர்க்கமூலம் 34 என்று எடுத்து, விடை வராமல் அழித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா என்ன கணக்கு என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன். அவர் ஓ.எல் வரை படிக்கவில்லை. வலையை வைத்துவிட்டு வந்து, "நீ அணியத்த எங்க பிடிச்சிருக்கிறாய்?" என்றார். அணியம் என்றால் படகின் முன்பக்கம். கிழக்கே என்றேன். "அப்ப நீ தெற்கால இழுபட்டுப் போயிருவாய். நேர கிழக்க போகணுமெண்டா அணியத்த வடக்கால தூக்கிப் பிடிக்கணும். படகு பார்க்கிறது ஒரு பக்கம், போறது ஒரு பக்கம்."

விளக்குமாற்றிலிருந்து மூன்று ஈர்க்கை உருவி, சீமெந்துத் தரையில் வைத்தேன். அணியம் பார்க்கிற பக்கம், வடகிழக்காக, 5 அங்குலம். அதன் நுனியிலிருந்து தெற்கே நீரோட்டம், 3 அங்குலம். தொடங்கிய இடத்திலிருந்து நேர் கிழக்கே மூன்றாவது ஈர்க்கை முறித்து வைத்தேன். 4 அங்குலம். மூன்று, நான்கு, ஐந்து. 5 சாய்ந்த பக்கம். நான் இவ்வளவு நாளும் அதைக் கிழக்கே படுக்க வைத்திருந்தேன். 12 ஐ 4 ஆல் வகுக்க 3 மணித்தியாலம்.

புவி சார்பாகப் படகின் வேகம் என்பது நீர் சார்பாகப் படகின் வேகமும் புவி சார்பாக நீரின் வேகமும் சேர்ந்தது. இந்தச் சமன்பாட்டை இரண்டு வருடமாக மனப்பாடமாக வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அதில் எது அணியம், எது நீரோட்டம், எது போகிற பாதை என்று தெரிந்தது. அதற்குப் பிறகு எந்தத் தொடர்பு வேகக் கணக்கிலும் முதலில் "எது அணியம்" என்று ஓரத்தில் எழுதிவிட்டுத்தான் முக்கோணி கீறுவேன். விமானம், காற்று, கார் எதுவானாலும்.

நவம்பர், டிசம்பர் மழை. டவுனுக்குச் சைக்கிளில் போய் நனைந்து திரும்புகிற நாட்களில், கோட்டைப் பக்கம் மான்கள் கூரைகளுக்குக் கீழே ஒதுங்கி நிற்கும். அந்த நாட்களில் பேப்பருக்கு 600, 640 என்று வரத் தொடங்கியது. ஒரு சனி 520க்கு விழுந்தது, அன்றிரவு சாப்பிடவில்லை. திரும்பப் பார்த்தால் திரிகோணகணிதக் கேள்வி ஒன்றில் 50 நிமிடம் இருந்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு கதை இருக்கிறது: திருகோணமலை பின்தங்கிய மாவட்டம், குறைந்த இசட் புள்ளிக்கே (பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் புள்ளி) இடம் கிடைக்கும், எதற்கு இவ்வளவு கஷ்டம் என்று. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடு முழுவதுக்கும் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. உண்மைதான். ஆனால் அந்த இடங்களுக்கு எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளே ஒருவரோடொருவர் போட்டி போடுகிறோம். இந்தக் கதையைக் கேட்டுக் கையை விட்ட கெட்டிக்காரப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதை நினைத்தால் இப்போதும் மனம் பாரமாகிறது.

பரீட்சைக் காலத்திலும் மின்வெட்டு இருந்தது. அப்பா சார்ஜ் லைற் ஒன்று வாங்கி வைத்திருந்தார். மண்டபத்தில் மேலதிகமாகக் கிடைக்கும் 10 நிமிட வாசிப்பு நேரத்தில் நான் கணக்கெதையும் மனதில் செய்து பார்க்கவில்லை. ஐந்து கேள்வியைத் தெரிவு செய்து, எந்த ஒழுங்கு என்று முடிவு செய்தேன், அவ்வளவுதான். முதலாம் தாளில் ஒரு தொகையீட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பிப் போனேன், அதாவது அடுத்த கேள்விக்கு. கை நடுங்கியது. ஆனாலும் போனேன்.

2023 செப்டெம்பரில் பெறுபேறு வந்தது. இணைந்த கணிதம் பி, பௌதிகவியல் பி, இரசாயனவியல் சி. பௌதிக விஞ்ஞானத்துக்குத் தெரிவாகி யாழ்ப்பாணம் போனேன். அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "திருத்தின பேப்பரெல்லாம் வச்சிருக்கிறியா?" என்பதுதான்.

வைத்திருந்தேன். இப்போது அவை சாம்பல்தீவில் ஒரு தங்கச்சியிடம் இருக்கின்றன. இந்த வருடம் அவளுக்கு முதல் தடவை. சனிக்கிழமை இரவுகளில் அவளுடைய புள்ளி மெசேஜில் வரும். போன கிழமை 455. எந்த வரிகளில் போனது என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.