வலி நோட்டு

ஏப்ரல் 14

தங்கச்சி இரண்டாவது பிரசவத்துக்கு வண்ணாரப்பேட்டைக்கு, அம்மா வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. 36 வாரம் முடிந்துவிட்டது. இன்றைக்கு வருஷப் பிறப்பு. பச்சடிக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை நிறுத்தி, "அக்கா, இங்க கை வை" என்றாள். வைத்தேன். வயிறு முழுக்க இறுகி, தொப்புளுக்கு மேலே ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. விரலால் அமுக்கினால் உள்ளே போகவில்லை. அரை நிமிடம் இருக்கும். தானாகத் தளர்ந்ததும் குழந்தை ஒரு உதை விட்டது. "வலி இல்லக்கா. கல்லு மாதிரி ஆவுது, அவ்ளோதான்."

"சூட்டு வலி" என்றார் அம்மா, அடுப்பை விட்டு நகராமல்.

டாக்டர்கள் இதற்கு பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்று பெயர் சொல்வார்கள். 1872இல் இதைப் பற்றி எழுதிய ஆங்கிலேய மருத்துவரின் பெயர் அது. பிரசவ நேரத்தில் மட்டுமில்லை, கர்ப்ப காலம் நெடுகவே கருப்பை இறுகுவதும் தளர்வதுமாக இருக்கிறது என்று அவர் எடுத்துச் சொன்னார்.

இன்று ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்தேன். எப்போது இறுகியது, எத்தனை விநாடி நின்றது, இரண்டே கட்டம். காரணம் இருக்கிறது. நான்கு வருஷத்துக்கு முன்பு, முதல் பிள்ளைக்கு, ஒரு மருத்துவமனையில் அவளைப் பார்த்துவிட்டு "பொய் வலி, வீட்டுக்குப் போ" என்று அனுப்பினார்கள். சொன்ன தொனியில் அவள் கூனிக் குறுகிப்போனாள். இரண்டு நாள் கழித்து நிஜமாகவே வந்தபோது யாரிடமும் சொல்லவில்லை. மறுபடி திருப்பி அனுப்பினால் அசிங்கம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். பனிக்குடம் உடைந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே ஆட்டோ நின்ற அந்த நேரத்தை என்னால் மறக்க முடியாது. வார்டுக்குள் போன இருபதாவது நிமிடம் பிள்ளை பிறந்தது. நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறவள். அன்றைக்கு அடுத்த அறையில்தான் இருந்தேன்.

ஏப்ரல் 17

நோட்டில் இன்றைய சாயங்காலம்: 4.05, 4.36, 4.48, 5.13, 5.53. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒழுங்கே இல்லை. வலியும் ஏறவில்லை. விசாரித்தால் காலையிலிருந்து இரண்டு டம்ளர் தண்ணீர்தான் குடித்திருக்கிறாள். கக்கூஸ் கீழே, நான்கு குடித்தனத்துக்குப் பொது. படியிறங்கப் பயந்து தண்ணீரைக் குறைத்திருக்கிறாள், வந்த மூத்திரத்தையும் அடக்கியிருக்கிறாள். உடம்பில் நீர் வற்றினாலும் கருப்பை இறுகும், மூத்திரப்பை நிரம்பினாலும் இறுகும்.

அம்மா சீரகத்தை வறுத்துக் கொதிக்கவைத்து ஒரு சொம்பு கொடுத்தார். சூட்டு வலி என்றால் இதைக் குடித்ததும் அடங்கும், பிரசவ வலி என்றால் ஏறும் என்பது அவர் கணக்கு. டாக்டரும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்: தண்ணீர் குடி, ஒன்றுக்குப் போ, இடது பக்கம் ஒருக்களித்துப் படு, அடங்குகிறதா பார். வேலை செய்வது சீரகமோ இல்லையோ, ஒரு சொம்பு தண்ணீர் உள்ளே போகிறதே. அடங்கிவிட்டது.

ஆனால் அம்மாவிடம் ஒன்றைக் கறாராகச் சொல்லிவைத்தேன். 37 வாரத்துக்கு முன்னால் வலி வரிசை கட்டி வந்தால், ரத்தமோ தண்ணீரோ கசிந்தால், குழந்தை அசைவு குறைந்தால், சீரகம் வறுக்க உட்காரக் கூடாது. நேரே ஆஸ்பத்திரி.

ஏப்ரல் 26

பேப்பர் திருத்தும் வேலை முடிந்தது. மத்தியானம் தங்கச்சி கேட்டாள்: "ஒன்பது மாசம் சும்மா இருந்தது, ஒரு நாள் மட்டும் எப்படிக்கா தெரிஞ்சுக்குது?"

சாதாரண நாளில் கருப்பை 60 கிராம் தேறும். நிறைமாதத்தில் குழந்தையைச் சேர்க்காமலே ஒரு கிலோவை ஒட்டி வந்துவிடும். அத்தனையும் பெரும்பாலும் தசை. நாம் நினைத்து மடக்குகிற கைத்தசை இல்லை, குடலில் இருப்பது போல் தானாக இயங்குவது. இவ்வளவு பெரிய தசை மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கிறது என்பதுதான் எனக்கு எப்போதும் ஆச்சரியம். அடக்கி வைப்பது புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். அது செய்கிற வேலைகளில் ஒன்று, தசைச் செல்களை ஒன்றோடொன்று பேசவிடாமல் வைப்பது.

சின்ன வயதில் திருவொற்றியூர்க் கரையில் கரைவலை இழுப்பதை இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம். அதையே சொன்னேன். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் கயிறு இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் ஆடும், வலை நகராது. இப்போது உன் வயிறு அப்படித்தான். ஒருவன் 'ஏலேலோ' என்று குரல் கொடுத்து, அத்தனை பேரும் 'ஐலசா' என்று ஒரே மூச்சில் இழுத்தால்தான் வலை கரையேறும். அந்தக் குரல் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் போக வழி வேண்டும். பிரசவம் நெருங்கும்போது கனெக்சின் 43 என்ற புரதம் செல்களுக்கு நடுவே நுண்ணிய வாசல்களைக் கட்டுகிறது. ஒரு செல்லில் கிளம்பிய மின் துடிப்பு அந்த வாசல் வழியே பரவ, செல்களுக்குள் கால்சியம் பாய, மொத்தத் தசையும் ஒன்றாக இறுகும்.

ஆட்டுக்குப் பிரசவத்துக்கு முன்னால் புரொஜெஸ்டிரோன் ரத்தத்தில் சரிந்துவிடும். மனுஷிக்கு அப்படிச் சரிவதில்லை. ஹார்மோன் அப்படியே இருக்க, கருப்பை அதன் பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொள்கிறது. இதைச் சொன்னதும் வயிற்றைத் தடவிக்கொண்டே, "அப்போ இன்னும் சொன்ன பேச்சு கேக்குது" என்றாள்.

மே 2

ராத்திரி 11 மணியிலிருந்து 8 நிமிடம், 7, 9, 8. தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை. கிளம்பிவிட்டோம். இந்த முறை வேறு மருத்துவமனை. சோதித்துவிட்டு, "கருப்பை வாய் ஒரு விரல்தான் திறந்திருக்கு, காலைல வரைக்கும் பார்க்கலாம்" என்றார்கள். விடிவதற்குள் வலி தேய்ந்து போனது. "திரும்ப வந்தா தயங்காம வாங்கம்மா" என்று டாக்டர் சொன்னபோது தங்கச்சி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

பக்கத்துப் பெஞ்சில் ஒரு அம்மா தன் மகளைத் திட்டிக்கொண்டிருந்தார்: "பொய் வலிக்கு இந்த ஆர்ப்பாட்டமா!" அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குத் தாங்கவில்லை. இதில் பொய் எது? தசை இறுகியது நிஜம், வலித்தது நிஜம், தூங்காத ராத்திரி நிஜம். கருப்பை வாய் திறந்துகொண்டே போகிறதா இல்லையா என்பது ஒன்றுதான் வித்தியாசம். அதையும் சில மணி நேரம் விட்டு இரண்டாவது முறை சோதித்தால்தான் டாக்டருக்கே தெரியும். வீட்டில் படுத்துக்கொண்டு அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்? திருப்பி அனுப்புங்கள், தப்பில்லை. பொய் என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்.

மே 9

நேற்று எழுத முடியவில்லை.

மே 8 விடிகாலை 3.10க்கு எழுப்பினாள். அக்னி நட்சத்திரப் புழுக்கம். முதுகில் ஆரம்பித்து முன்பக்கம் சுற்றி வருகிறது என்றாள். கீழ்வீட்டு ஆயா எப்போதும் சொல்வது அதுதான், "முதுகுல புடிச்சு முன்னால வந்தா வண்டிய கூப்புடு." 6 நிமிடம், 5, 5, 4. ஒவ்வொன்றும் 40 விநாடிக்கு மேல். இரண்டாவது பிள்ளை, வேகமாக இருக்கும். 108க்குப் போன் போட்டோம்.

பிரசவத் துணையாக என்னை உள்ளே விட்டார்கள். சிஸ்டர் என் கையை எடுத்துத் தங்கச்சி வயிற்றின் மேல்பகுதியில் வைத்தார். "உங்க மூக்கு நுனியத் தொட்டுப் பாருங்க. இப்படி இருந்தா லேசான வலி. தாடை மாதிரி இருந்தா நடுத்தரம். நெத்தி மாதிரி இருந்தா நல்ல வலி." அடுத்தது வந்தது. என் உள்ளங்கைக்குக் கீழே மூக்கு தாடையாகி, தாடை நெற்றியானது. அவள் முகம் சுளிப்பதற்கு முன்னாலேயே என் கைக்குத் தெரிந்தது.

பத்து நிமிடத்தில் மூன்று, நான்கு. சிஸ்டர் அதையும் எழுதிக்கொண்டார். ஐந்தைத் தாண்டினால் கவனிப்பார்களாம். வலி உச்சத்தில் இருக்கும்போது தசை நெரிப்பதில் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறைகிறது. நடுவே தளர்கிற அந்த ஓரிரு நிமிடத்தில்தான் குழந்தைக்குப் பிராணவாயு நிறைய வந்து சேர்கிறது. வலி வர டிரிப்ஸ் ஏறுகிற பெண்களின் பக்கத்திலிருந்து சிஸ்டர்கள் நகராமல் எண்ணுவது இதற்காகத்தான். டிரிப்ஸில் போவது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன். வெறும் 9 அமினோ அமிலம். அதை 1953இல் செயற்கையாகச் செய்துகாட்டிய அமெரிக்க வேதியியலாளர் டு விக்னோவுக்கு 1955இல் நோபல் பரிசு. இவளுக்கு அது தேவைப்படவில்லை. குழந்தையின் தலை கருப்பை வாயை அமுக்க அமுக்க, மூளையிலிருந்து அதே ஆக்சிடோசின் தானாகவே சுரந்தது.

அந்த நேரத்திலும் எனக்குக் கரைவலைதான் ஞாபகம். இழுக்கிறவர்கள் மூச்சு வாங்கும்போது கயிற்றைக் கடலுக்குத் திருப்பி விடுவதில்லை, இழுத்த வரைக்கும் பிடித்து நிற்பார்கள். கருப்பைத் தசையும் அப்படியே. தளர்ந்தாலும் பழைய நீளத்துக்கு முழுதாகத் திரும்புவதில்லை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குட்டையாகிறது. மேல்பகுதி தடித்துக்கொண்டே வர, கீழ்ப்பகுதி மெலிந்து மேலே இழுபட, வாய் திறக்கிறது. நாங்கள் போனபோது 5 செ.மீ., 6.40க்கு 10. "ஒவ்வொண்ணும் கொஞ்சம் மிச்சம் வெச்சுட்டுப் போகுது, வீணாகல" என்று அவள் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

7.05. பெண் குழந்தை.

மே 11

பால் குடிக்கும்போதெல்லாம் அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது. "முதல் பிள்ளைக்கு இப்படி இல்லக்கா." இரண்டாவது மூன்றாவது பிரசவத்துக்குத்தான் இது ஜாஸ்தி. குழந்தை சப்பும்போது சுரக்கிற ஆக்சிடோசின் பாலையும் இறக்குகிறது, கருப்பையையும் இறுக்குகிறது. நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்ந்த இடம் அது. நஞ்சு பிரிந்ததும் திறந்து கிடக்கும் ரத்தக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய தசைநார்கள்தான் முடிச்சுப் போட்டதுபோல் நெரித்து மூடுகின்றன. பிள்ளை பிறந்ததும் தொடையில் ஒரு ஊசி போட்டார்களே, அதுவும் ஆக்சிடோசின், 10 யூனிட். நெரிக்காமல் தசை தளர்ந்துவிட்டால் தாயின் உயிருக்கே ஆபத்து.

நோட்டில் இதையும் எழுதச் சொன்னாள். எழுதினேன்.

மே 18

அம்மா பால்சுறாப் புட்டு செய்தார், காசிமேட்டிலிருந்து ஆயா வாங்கி வந்தது. சாப்பிட்டு முடித்து மல்லாந்து படுத்தவள், "எங்க இருக்குன்னு பாரேன்க்கா" என்றாள். குழந்தை பிறந்த அன்று கருப்பை தொப்புளுக்குக் கீழே தேங்காய் மாதிரி கையில் தட்டியது, தினம் ஒரு விரல்கடை இறங்கிக்கொண்டே வந்தது. இன்று அடிவயிறு முழுக்க மெதுவாக அமுக்கிப் பார்த்தேன். இடுப்பெலும்புக்குள் இறங்கிவிட்டது. கைக்கு அகப்படவில்லை.