கட்டுத்தரை நாட்குறிப்பு: பித், மணல், மண்

ஜூன் 9, 2024

கருப்பிக்கு மடிநோய். காலைக் கறவையில் முதல் பீச்சிலேயே தெரிந்தது: பின் வலது காம்பில் தயிர்த் துணுக்கு மாதிரி நாலைந்து திரி. மடியின் அந்தப் பக்கம் கொதிக்கிறது, தொடவே விடவில்லை. டாக்டர் பதினோரு மணிக்கு வந்து காம்புக்குள் மருந்து ஏற்றினார். 3 நாள் விடாமல் போடணும். மருந்து நின்ற பிறகும் உறையில் போட்டிருக்கிற கெடு முடிகிறவரை அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக்கூடாது. வேளைக்கு 7 லிட்டர் வீணாகிறது. அதைவிட, வலியில் அவள் காலை மாற்றி மாற்றி வைப்பதைத்தான் பார்க்க முடியவில்லை.

கிளம்புகிற நேரத்தில் டாக்டர் படுக்கைத் தடுப்புக்குள் குனிந்து, விரித்திருந்த பித்தில் ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்தார். "நீங்களே புழிஞ்சு பாருங்கம்மா." புழிந்தேன். விரலிடுக்கில் காப்பித் தண்ணி மாதிரி ஒழுகியது. "இன்னும் கொஞ்சம் உள்ள கை விடுங்க" என்றார். விட்டேன். அடுப்புச் சாம்பல் மாதிரி வெதுவெதுப்பு. மாட்டின் மடி ராத்திரி முழுக்க இதன்மேல்தான் கிடந்திருக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்காக: தேங்காய் மட்டையை அடித்து நார் எடுத்த பிறகு மிஞ்சும் தூளைத்தான் எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் பித் என்கிறோம். மில்லுக்கு மில் மலை மாதிரி குவிந்து கிடக்கும். தன் எடையைப் போல ஏழெட்டு மடங்கு தண்ணீர் குடிக்கும் என்பதால்தான் மாட்டுக்கு விரித்தேன். திறந்தவெளிக் குவியலில் கிடந்த பித் மழைத் தண்ணியை அங்கேயே குடித்து முடித்துவிட்டது என்பது எனக்கு உறைக்கவில்லை. குடிக்க இடமில்லாத பித், கோமியத்தை எங்கே வாங்கும்?

ஜூன் 11

கருப்பிக்கு வீக்கம் கொஞ்சம் வாடியிருக்கிறது. தீனி எடுக்கிறாள்.

போன வருசம் வரைக்கும் மாடுகளைக் கட்டுத்தரையில் முளை அடித்துக் கட்டியிருந்தோம். அவிழ்த்து விட்டு வளர்க்கலாம் என்று ஏழரை அடி நீளம், நாலடி அகலத்தில் பைப் தடுப்பு 12 போட்டோம். பால் கறவை 11. தளம் காங்கிரீட், மேலே ரப்பர் மேட், அதன்மேல் இந்தப் பித்.

மேட் மட்டும் போதாதா என்று மச்சான் கேட்டார். சேலையை வரிந்துகொண்டு வெறும் மேட்டில் தொப்பென்று முட்டி போட்டேன். பத்து எண்ணுவதற்குள் எழுந்துவிட்டேன், அவ்வளவு வலி. என் எடை 58 கிலோ. எங்கள் மாடு சுட்டி 400 கிலோவுக்குக் குறைய மாட்டாள், படுக்கும்போது முன்முட்டியில்தான் இறங்குகிறாள். ஏற்கெனவே 4 மாடுகளுக்குப் பின்னங்கால் மூட்டில் மயிர் உதிர்ந்து சொட்டையாக இருக்கிறது. ஒரு கறவை மாடு நாளைக்கு 10, 12 மணி நேரம் படுக்கணும். 1 லிட்டர் பால் சுரக்க 400, 500 லிட்டர் ரத்தம் மடி வழியாகப் போய் வரணும். படுத்திருக்கும்போதுதான் அந்த ஓட்டம் கூடும். நின்றுகொண்டே இருக்கும் மாட்டில் கால் புண்ணும் வரும், பாலும் குறையும்.

ஜூன் 14

அத்தையிடம் புலம்பினேன். அவர் சொன்னது: "எங்க காலத்துல வாரம் ஒருக்கா கட்டுத்தரை மண்ணை வெட்டி எடுத்துப் போட்டுட்டு புது மண்ணு கொட்டுவோம் கண்ணு. ஈரத்துல மாடு படுத்து நான் பாத்ததில்லை." கோமியம் ஊறிய அந்த மண் காட்டுக்கு எருவாகப் போகும். அது காங்கேயம் மாடுகளின் காலம் என்பதையும் மறக்கக்கூடாது. சின்ன மடி, ஒட்டிய வயிறு, கொஞ்சம் சாணி. எங்கள் கலப்பின மாடு ஒவ்வொன்றும் நாளைக்குப் பத்துப் பதினைந்து லிட்டர் கோமியம் விடுகிறது.

ஆனாலும் அத்தை சொன்னதைத் தள்ள மனசில்லை. 12 தடுப்பையும் நாலு பங்காகப் பிரித்துவிட்டேன். மூன்றில் வெறும் மேட். மூன்றில் மேட்டின்மேல் காய்ந்த பித். மூன்றில் மேட்டை எடுத்துவிட்டு அரையடி மணல். மூன்றில் அத்தையின் வண்டல் மண். மாடுகளே சொல்லட்டும்.

மரத்தூளும் யோசனையில் இருந்தது. டாக்டர்தான் தடுத்தார். பச்சை மரத்தூளில் கிளெப்சியெல்லா என்ற கிருமி வளரும், அந்த மடிநோய் வந்தால் மாடே கை நழுவிப் போகலாம் என்றார். வைக்கோல் பேச்சே இல்லை. விற்கிற விலைக்கு அதைத் தின்னத்தான் கொடுக்க முடியும்.

ஜூன் 17

ராத்திரி 2 மணிக்கு டார்ச்சோடு போய் எண்ணினேன். பித்தில் 3, மண்ணில் 3, வெறும் மேட்டில் 2, மணலில் ஒன்றுகூட இல்லை. ஒன்று நடைபாதையிலேயே படுத்துவிட்டது. மீதி இரண்டும் முன்னங்காலைத் தடுப்புக்குள் வைத்து, பின்னங்காலை நடைபாதையில் ஊன்றி அரைகுறையாக நின்றன. படுக்க மனசிருந்தும் இடம் பிடிக்கவில்லை என்றால் மாடு இப்படித்தான் நிற்கும்.

ஜூன் 21

மணல் நிரம்பிவிட்டது! பழகாத இடத்தில் மாடு சட்டென்று படுக்காது போல. இப்போது மணலில் 3, பித்தில் 3, மண்ணில் 2, வெறும் மேட்டில் ஒன்றே ஒன்று. மணலில் படுத்த செவலை எழுந்த பிறகு கையால் தடவிப் பார்த்தேன். அவள் உடம்புக்குத் தகுந்தபடி குழி விழுந்திருக்கிறது, மேல்மணல் காய்ந்திருக்கிறது. மடியில் ஒட்டியது துணியால் தட்டினால் உதிர்கிறது. மணலில் கிருமிக்குத் தின்ன ஒன்றுமில்லை. மடிக்கு இதைவிட நல்ல படுக்கை கிடையாது, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆற்று மணலை நினைக்கவே முடியாது. இது எம்-சாண்ட், கல்லை உடைத்துச் செய்கிற மணல், சலித்துப் போட்டது. சலிக்காவிட்டால் துகள் இறுகி சிமெண்ட் தரை மாதிரி ஆகிவிடும்.

ஜூன் 22

நேற்று எழுதிய சந்தோஷம் இன்று காலையோடு போயிற்று. நடைபாதைச் சாணியைக் கரைக்கும்போது விரலில் நறநறவென்றது. குளம்போடு மணல் நடைபாதைக்கு வந்து, சாணியோடு கலந்து, எரிவாயுக் கலனுக்குப் போகிறது. எங்களுடையது மூடிய குமிழ் வகை. அடியில் மணல் தங்கினால் வாயு குறையும். ஆளை உள்ளே இறக்கி அள்ளுவதெல்லாம் உயிரோடு விளையாடுவது. சமையல் பாதி அந்த வாயுவில்தான் நடக்கிறது. மணலைக் கறவை மாட்டுத் தடுப்பிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன். மனசு கேட்கவில்லை, ஆனால் வேறு வழியில்லை.

பால் வற்றிய 2 மாடுகள் தனிக் கொட்டிலில் நிற்கின்றன. அங்கே சாணி நேராகக் குப்பைக் குழிக்குப் போகிறது. அந்த மணல் அவற்றுக்கு. பால் வற்றவிட்ட புதிதிலும், கன்று போடுவதற்குச் சற்று முன்பும்தான் மடிக்குக் கிருமி எளிதில் ஏறும். கன்று போடுகிற வாரம் மட்டும் சோளத்தட்டு விரித்துக்கொள்ளலாம்.

ஜூன் 25

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பேச்சைக் கேட்டு பித்தின்மேல் சுண்ணாம்புத் தூளைத் தாராளமாகத் தூவினேன். சுட்டிக்குக் காம்பு நுனி வெடித்துவிட்டது. சுண்ணாம்பு கிருமியை ஒரு நாள் அடக்கும், தோலையும் அரிக்கும். வெடித்த காம்பில் கிருமி இன்னும் எளிதாகப் புகும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 2

சாரல் பிடித்துவிட்டது. தெற்கே ஆனைமலை தெரியவில்லை. அத்தையின் மண் மூன்றாம் நாளே சேறாகிவிட்டது. புதிதாகக் கொட்டக் காய்ந்த மண் எங்கேயும் இல்லை. அவரே வந்து பார்த்துவிட்டு, "இது மாசியில இருந்து சித்திரை வரைக்கும்தான் கண்ணு. ஆடிக்கு ஆகாது" என்றார். மாசி பிறந்ததும் 3 தடுப்பு அவருக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

ஆக, பித்தான். ஆனால் முன்பு மாதிரி இல்லை. கொப்பரை காயும் களத்தில் வெயில் கண்ட நேரமெல்லாம் பரப்பி, கையில் பிடித்தால் உதிர்கிற அளவு காயவைத்து, கொட்டகைக்குள் மூட்டையாக அடுக்கிவிட்டோம். மாவு மாதிரி நைசான தூளைச் சலித்துக் கழித்தாகிறது. அதுதான் காம்பில் அப்பிக்கொள்கிறது. நார் கலந்த பித் நல்லது. ஒரே தடவையில் கனமாகக் கொட்டாமல் தினமும் 2 அங்குலம். இரண்டு கறவைக்கும் முன்னால், மடியும் காம்பும் படுகிற பின்பக்கத்து மூன்றில் ஒரு பங்கை மட்டும் வாரி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுகிறோம். முன்பக்கம் எப்போதும் காய்ந்தே இருக்கிறது, அதைத் தொடுவதில்லை.

கறந்து முடித்ததும் தீவனத் தொட்டியில் பச்சைத் தீவனம் தயாராக இருக்கணும் என்றும் வைத்திருக்கிறோம். காம்புத் துளை மூட அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை மாடு நின்று தின்னட்டும்.

ஜூலை 13

டாக்டர், பாலில் மடிநோயைச் சோதிக்கிற சி.எம்.டி. தட்டோடு வந்தார். நாலு கிண்ணம், நாலு காம்பு. கொஞ்சம் பால், அதே அளவு மருந்து, மெல்லச் சுழற்றணும். மடிக்குள் நோய் ஒளிந்திருந்தால் வெண்டைக்காய் நறுக்கின தண்ணி மாதிரி கொழகொழத்துக்கொள்ளும். சி.எம்.டி. போட்டதில் போன மாதம் 5 மாடுகளுக்கு இழுத்தது. இன்று 10 மாடு வரைக்கும் தண்ணியாகவே ஓடியது. கடைசியாகக் கருப்பி. மூன்று கிண்ணம் தெளிவு, பின் வலதில் மட்டும் லேசாக ஒரு இழை. "இது அடங்கிரும்மா, விடாம இதே மாதிரி செய்யுங்க" என்றார்.

வாரி எடுத்த பித்தை எருக்குழியில் தனியாக அடுக்குகிறோம். வெறும் பித்தில் கரிச்சத்து மிக அதிகம், தழைச்சத்து குறைவு, லேசில் மட்காது. வேளாண்மைப் பல்கலைக்கழக முறையில் 1 டன்னுக்குக் காளான் வித்து 5 பாட்டில், யூரியா 5 கிலோ போடச் சொல்வார்கள். கோமியம் ஊறியதற்கு யூரியாவைக் குறைத்துப் பார்க்கலாம் என்று மச்சான் காளான் வித்து மட்டும் வாங்கி வந்திருக்கிறார். தை மாதம் தென்னைக்கு வைக்கும்போது எழுதுகிறேன்.

ராத்திரி மணி 2. மழை தகரத்தில் அடிக்கிறது. 11 மாடுகளில் 9 படுத்திருக்கின்றன. கருப்பி ஏழாவது தடுப்பில் கழுத்தை மடக்கி அசை போடுகிறாள். அவள் பின்னால் ஒரு பிடி பித்தை அள்ளிப் புழிந்தேன். கை நனையவில்லை.