சுத்துற ராடு, அதுல ஒரு ஸ்ப்ரிங்: லக்ராஞ்சியன் எழுதறதுக்கு முன்னாடி

நெட், கேட், ஜாம்னு எந்த ஃபிசிக்ஸ் தேர்வுக்குப் படிச்சாலும் கிடைத்தளத்துல சுத்துற வழுவழு ராடு, அதுல கோத்து வழுக்கி ஓடுற மணி, மணியைச் சுழல் மையத்தோட பிடிச்சிருக்கற ஸ்ப்ரிங், இந்த மாதிரி கணக்கு கண்ணுல படாம இருக்காது. மார்க் போறது கால்குலஸ்ல இல்லங்க, கேள்வியைப் படிக்கறதுலதான். ராடை மோட்டார் ஒரே வேகத்துல சுத்துதா, இல்ல சும்மா சுத்தி விட்டுட்டாங்களா, இதை முதல்ல பாருங்க.

மோட்டார்னா தீட்டா (ராடு திரும்பின கோணம்) ஏற்கனவே தெரிஞ்சது, மிச்சம் ஆர் (மையத்துல இருந்து மணி இருக்கற தூரம்) ஒண்ணுதான். லக்ராஞ்சியன்னா கைனடிக் எனர்ஜில இருந்து பொட்டன்ஷியல் எனர்ஜியைக் கழிச்சது. ஆர் டாட்னா ஆர் மாறுற வேகம், ஒமேகான்னா ராடு சுத்துற வேகம்; கைனடிக்ல ஆர் டாட் ஸ்கொயரோட ஆர் ஸ்கொயர் ஒமேகா ஸ்கொயரும் வரும், பொட்டன்ஷியல்ல ஆர்ல இருந்து இயல்பு நீளத்தைக் கழிச்சு ஸ்கொயர் பண்ணணும், இங்க நிறைய பேர் வெறும் ஆர் போட்டுடுவாங்க. ஈக்வேஷனைப் போட்டா மணியை வெளிய தள்ளுற சென்ட்ரிஃப்யூகல் டெர்ம் தானா வந்து நிக்கும், ஸ்ப்ரிங்கோட விறைப்பு கே, மணியோட நிறை எம்னா, கே வந்து கே மைனஸ் எம் ஒமேகா ஸ்கொயரா குறைஞ்ச மாதிரி ஆயிடும். கே மீட்டருக்கு 100 நியூட்டன், மணி கால் கிலோ, இயல்பு நீளம் 30 செ.மீ., ஒமேகா வினாடிக்கு 10 ரேடியன்னு வச்சுப் பாருங்க, மணி 40 செ.மீ.ல பேலன்ஸ் ஆகும், லேசா தட்டினா வினாடிக்கு சுமார் 17.3 ரேடியன்ல ஆடும். ஒமேகா 20ஐத் தொட்டா பேலன்ஸ் புள்ளியே கிடையாது, மணி வெளிய ஓடிரும்.

ஹாமில்டோனியன் (லக்ராஞ்சியன்ல இருந்து எடுக்கற, எனர்ஜி மாதிரியான அளவு) கன்சர்வ் ஆகுமா, அதாவது மாறாம இருக்குமா, மொத்த எனர்ஜியும் அதுவும் ஒண்ணான்னு கேட்டா, முதல் கேள்விக்கு ஆமா, ரெண்டாவதுக்கு இல்ல. லக்ராஞ்சியன்ல நேரம் நேரடியா வரல, ஆனா மோட்டார் வேலை செஞ்சுட்டே இருக்கு.

சும்மா விட்ட ராடுன்னா தீட்டாவும் கண்டுபிடிக்க வேண்டிய கோஆர்டினேட், ராடோட இனர்ஷியாவையும் சேர்க்கணும், ஆங்குலர் மொமெண்டம் மாறாது. சரி மாறாதேன்னு தீட்டா டாட்டை அதை வச்சு லக்ராஞ்சியன்லயே போட்டு சுருக்கிடாதீங்க, சென்ட்ரிஃப்யூகல் டெர்மோட பிளஸ்-மைனஸ் குறி தலைகீழாயிடும்! ஈக்வேஷன் எடுத்தப்புறம் போடுங்க, அவசரம்னா ரௌத்தியன் (இந்த மாதிரி கோஆர்டினேட்டைச் சரியா நீக்கறதுக்குன்னே லக்ராஞ்சியனை மாத்தி எழுதறது) எழுதுங்க. இங்க மொத்த எனர்ஜி உண்மையாவே கன்சர்வ்ட்.

மோட்டார் ராடைச் செங்குத்துத் தளத்துல சுத்தினா கிராவிட்டி, sin(ஒமேகா × நேரம்) மாதிரி ஏறி இறங்கற விசையா வந்து ஃபோர்ஸ்ட் ஆசிலேஷன் ஆயிடும். அப்போ ரெசனன்ஸ் (ஆட்டம் கூடிக்கிட்டே போற நிலை) வர்றது ஒமேகா ஸ்கொயர் கே பை எம்ல பாதியா இருக்கும்போது, நம்ம நம்பர்ல சுமார் 14.1, அதாவது 20க்கு ரொம்ப முன்னாடியே.