தைராய்டு லாங் கேஸில் நான் சறுக்கிய இடம்

எம்.எஸ். (அறுவை சிகிச்சை மேற்படிப்பு) இறுதித் தேர்வில் எனக்கு விழுந்த லாங் கேஸ், அதாவது ஒரு நோயாளியை விரிவாகப் பரிசோதித்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி, தைராய்டு. உள்ளுக்குள் ஒரே குஷி, பழகிய கேஸ்தானே என்று. அந்த அம்மாவுக்கு வயது 47. கழுத்தில் வலப்பக்கம் கட்டி, ஊசிப் பரிசோதனையில் பாப்பில்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய். மூன்று மாதமாகத் தொண்டை கம்மல். "ஈ...ன்னு இழுத்துச் சொல்லுங்கம்மா" என்றேன். இரண்டு நொடிகூட நிற்கவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது என்றார். வலது குரல் நாண் அசையவில்லை என்று லாரிங்கோஸ்கோபி ரிப்போர்ட்டும் இருந்தது.

குரல்வளை நரம்பைக் கட்டி பிடித்துவிட்டது, ஆகவே டி4ஏ என்றேன் (கட்டி எவ்வளவு பெரிது, எதுவரை நுழைந்திருக்கிறது என்பதற்கான குறியீடுதான் டி). அதுவரை சரி. "ஸ்டேஜ்?" "ஃபோர் ஏ, சார்." எக்ஸாமினர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

சீனியரிடம் வாங்கிய நோட்ஸை நம்பியதன் பலன் அது. அதில் இருந்தது புற்றுநோய்க்கு ஸ்டேஜ் வகுக்கும் அமெரிக்கக் குழுவான ஏ.ஜே.சி.சி.யின் விதிகள், ஏழாம் பதிப்பு; வயது எல்லை 45. எட்டாம் பதிப்பு 2018-இல் நடைமுறைக்கு வந்தபோது அந்த எல்லை 55 ஆனது. பாப்பில்லரி, ஃபோலிக்குலர் வகைகளில், 55-க்குக் கீழ் இருப்பவருக்கு நுரையீரல், எலும்பு என்று தூரமாகப் பரவாதவரை டி எதுவானாலும் ஸ்டேஜ் ஒன்றுதான். பரவியிருந்தால் இரண்டு. அதற்கு மேல் கிடையாது. பழைய கணக்கில் 4ஏ ஆகியிருக்கும் அதே அம்மா, புதிய கணக்கில் ஸ்டேஜ் ஒன்று! எனவே முதலில் வயது, பிறகுதான் டி.

அடுத்த கேள்விதான் நிஜமான கேள்வி. "ஸ்டேஜ் ஒன்றுதானே, அப்புறம் எதற்கு இவ்வளவு பெரிய ஆபரேஷன்?" எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வெளியே வந்த பிறகுதான் பதில் தெளிவானது. ஸ்டேஜ் சொல்வது இந்த நோயால் உயிர் போகும் வாய்ப்பை. நோய் திரும்ப வரும் வாய்ப்பை அல்ல. அமெரிக்க தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதலில், கண்ணுக்குத் தெரியும்படி சுரப்பியைத் தாண்டி வெளியே வந்த கட்டி, மீண்டும் வரும் அபாயம் அதிகமுள்ள பிரிவு. ஸ்டேஜ் ஒன்று, ஆனால் ஹை ரிஸ்க். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள்.

'கண்ணுக்குத் தெரியும்படி' என்பதை அடிக்கோடிடுங்கள். மைக்ராஸ்கோப்பில் மட்டும் தெரிகிற வெளிப்பரவலை முன்பு டி3 என்றார்கள். எட்டாம் பதிப்பில் அது டி-யை மாற்றாது. தைராய்டின் உறை முழுமையானது அல்ல; கொழுப்பும் தசை இழையும் சாதாரண சுரப்பிக்குள்ளேயே கிடக்கலாம். எது உள்ளே, எது வெளியே என்பதில் பேதாலஜிஸ்ட்டுகளுக்குள்ளேயே ஒத்த கருத்து வராது. 60 வயதுக்காரருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கட்டி, நிணநீர்க் கணுக்களில் நோயில்லை, வெளிப்பரவல் ஸ்லைடில் மட்டும் தெரிகிறது என்றால் டி1பி, ஸ்டேஜ் ஒன்று. அதே கட்டி ஸ்ட்ராப் தசையை (தைராய்டுக்கு முன்னால் இருக்கும் கழுத்துத் தசை) பிடித்திருப்பதை சர்ஜன் கண்ணால் பார்த்தால் டி3பி, ஸ்டேஜ் இரண்டு.

அட்டவணையை நான் எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும் நிற்காது. கழுத்தின் குறுக்குவெட்டுப் படம் வரைந்த பிறகுதான் நின்றது. முன்னால் ஸ்ட்ராப் தசைகள்: டி3பி. அதையும் தாண்டித் தோலுக்கடிக் கொழுப்பு, உள்ளே குரல்வளை, மூச்சுக்குழாய், உணவுக்குழாய், அவற்றின் இடைப்பள்ளத்தில் ஓடும் குரல்வளை நரம்பு: எல்லாம் டி4ஏ. பின்னால் முதுகெலும்பை ஒட்டிய உறைக்குள் நுழைந்தாலோ, கரோட்டிட் தமனியையோ மார்பின் பெரிய ரத்தக் குழாய்களையோ சுற்றி வளைத்தாலோ டி4பி. 55-ஐத் தொட்டவர்களுக்கு, தூரப் பரவல் இல்லையென்றால், இவை முறையே இரண்டு, மூன்று, 4ஏ ஆகும். தூரப் பரவல் இருந்தால் 4பி.

பத்தாண்டுகளில் இந்த நோயால் இறக்காமல் இருப்பவர்கள் ஸ்டேஜ் ஒன்றில் 98 முதல் 100 சதவீதம், இரண்டில் 85 முதல் 95, மூன்றில் 60 முதல் 70, நான்கில் 50-க்கும் கீழ். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இருக்கும் அந்தப் பள்ளம்தான் டி4ஏ.

ஆனால் டி4ஏ எல்லாமே ஒன்றல்ல, இது என் அபிப்பிராயம். மூச்சுக்குழாயின் வெளி உறையில் ஒட்டியிருந்தால் சுரண்டி எடுத்துவிடலாம். உள் சவ்வைத் துளைத்துவிட்டால் வளையத்தோடு வெட்டி இணைக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். மிச்சம் வைக்காமல் எடுக்க முடிந்ததா என்பதை இந்த ஸ்டேஜ் கேட்பதே இல்லை. மேயோ கிளினிக்கின் மேசிஸ் என்ற புள்ளிக் கணக்கு கேட்கிறது: ஊடுருவலுக்கு ஒரு புள்ளி, முழுதாக எடுக்காததற்கு இன்னொரு புள்ளி. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதைச் சொன்னால் எக்ஸாமினர் முகம் மலரும்.

தைராய்டு புற்றுநோயின் இன்னொரு வகையான மெடுல்லரி கேஸ் வந்தால் வயதை இழுக்காதீர்கள், அங்கே வயதுக்கு இடமில்லை. மற்றொரு வகையான அனாபிளாஸ்டிக் என்றால் பேச்சே நான்கில்தான் தொடங்கும்: சுரப்பிக்குள்ளேயே இருந்து கணுவும் இல்லையென்றால் 4ஏ, வெளியே கால் வைத்தாலோ கணுவில் இருந்தாலோ 4பி, தூரப் பரவினால் 4சி.