பொலிஸ் ஜீப்பின் வேகத்தை எழுத்தில் பிடிப்பது

“ஜீப் பறந்து போனது” என்று எழுதிக் கொடுக்கும் முறைப்பாடு பெரும்பாலும் பொலிஸ் நிலைய முறைப்பாட்டுப் புத்தகத்தோடு முடிந்துவிடும். எந்த வாகனம், எவ்வளவு வேகம், யார் ஓட்டினார்? மூன்றுக்கும் பதில் வேண்டும்.

பின்னால் துரத்தி வேகம் பார்க்க வேண்டாம், அது உங்கள் குற்றமாகத்தான் முடியும். இலங்கையின் கிழக்கில், திருகோணமலைப் பக்கம் நிலாவெளி வீதியோரக் கடைகளில் சிசிடிவி இருக்கிறதே, அது போதும். வீடியோவில் தெரியும் இரண்டு அடையாளங்களைத் தெரிவுசெய்து (வெள்ளைக்கோட்டின் முனை, மதகு) வீதியோரமாக நாடா பிடித்து இடைத்தூரத்தை அளந்துகொள்ளுங்கள். முன்சில்லு முதல் அடையாளத்தைத் தொட்டதிலிருந்து மற்றதைத் தொடும்வரை பிரேம்களை (வீடியோவின் தனித்தனிப் படங்களை) எண்ணுங்கள். 30 மீற்றருக்கு 36 பிரேம், கமரா செக்கனுக்கு 30 பிரேம் என்றால் 1.2 செக்கன், மணிக்கு 90 கிலோமீற்றர். ஊர்மனைக்குள் காருக்கும் ஜீப்புக்கும் எல்லை 50.

பிழை வருவதும் இங்கேதான். பல கமராக்கள் 15 பிரேமில் பதியும். அதை 30 என்று நினைத்துவிட்டால், 45இல் ஒழுங்காகப் போன சாரதி 90இல் போனவராகிவிடுவார். செட்டிங்ஸைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கமராவின் மணிக்கூடு எத்தனை நிமிடம் முந்தி ஓடுகிறது என்பதையும் போன் நேரத்தோடு ஒப்பிட்டுப் படமெடுங்கள். திரையைப் போனில் பிடித்த வீடியோ உதவாது. மூலக் கோப்பையே பிரதி எடுங்கள், அதுவும் உடனே. ஹார்ட் டிஸ்க் நிரம்பினால் பழையது தானாக அழியும்.

சைரன் ஒலித்ததா, மேல்விளக்கு எரிந்ததா என்பதை மறைக்காமல் எழுதுங்கள். அவசர அழைப்புக்குப் போனோம் என்பதுதான் முதலில் வரும் பதில்.

ஓட்டியவரைக் காட்டுவது ரனிங் சாட் எனும் வாகன ஓட்டப் பதிவு. அரச வாகனம் ஒவ்வொன்றுக்கும் சாரதி, பயணம், மீற்றர் அளவு எல்லாம் அதில் எழுதப்பட வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், வாகன இலக்கத்தையும் அந்த ஒரு மணித்தியாலத்தையும் மட்டும் குறிப்பிட்டு அதன் பிரதியைக் கேளுங்கள். மாதம் முழுவதையும் கேட்டால் ரோந்து விபரம் வெளியாகும் என்று மறுக்க நாமே வழி திறந்துவிடுகிறோம். 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீட்டுக்கு 14 நாள்.

முறைப்பாட்டை அதே நிலையத்தில் கொடுப்பதைவிட மேலதிகாரியின் அலுவலகத்துக்கும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் பதிவுத்தபாலில் அனுப்புவது நல்லது. பொலிசாருக்கு எதிரான பொதுமக்கள் முறைப்பாடுகளை விசாரிப்பது அரசியலமைப்பே ஆணைக்குழுவுக்குக் கொடுத்த வேலை. வாக்குமூலத்துக்கு அழைத்துச் சிங்களத்தில் எழுதினால், வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் எழுதச் சொல்லுங்கள். கிழக்கில் தமிழும் நிர்வாக மொழிதான்.