அஸ்கினெமா 3: பழைய மெஷின்களில் ஓட்டிப் பார்த்த கதை

கிளிநொச்சியில் பின்னேர வகுப்பில் லினக்ஸ் படிப்பிக்கிறேன். கொமாண்ட் பாடங்களை வீடியோவாக அனுப்பினால் முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளைகளின் டேட்டா அன்றைக்கே முடிந்துவிடும். டெர்மினலில் (கொமாண்ட் அடிக்கிற திரையில்) வருவதை எழுத்தாகவே பதிந்து வைக்கும் அஸ்கினெமா என்ற மென்பொருளில் என்றால் ஒரு பாடம் சில கிலோபைட்தான். பைதன் மொழியில் இருந்த அதை ரஸ்ட் மொழியில் திரும்ப எழுதி 2025 செப்டெம்பரில் 3.0 என்று வெளியிட்டார்கள். பெடியளிடம் இருக்கிற மெஷின்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. எல்லாவற்றிலும் ஒருக்கா ஓட்டிப் பார்க்காமல் மாற எனக்கு விருப்பமில்லை.

உபுண்டு லினக்ஸ் 24.04இல் அதன் பைலை இறக்கி, ஓட அனுமதி கொடுத்ததும் வேலை செய்தது. பைதனும் வேண்டாம், அதன் பொதிகளை நிறுவும் பிப்பும் வேண்டாம். கணினி லாபில் இன்னும் 18.04 ஓடுகிற மெஷின்கள்தான் மினக்கெட வைத்தன. அதிலுள்ள ஜிலிப்சி (புரோகிராம்கள் ஓடத் தேவையான அடிப்படை லைப்ரரி) பழசு என்று சொல்லி உடனே நின்றுவிட்டது. பெயரில் மஸ்ல் (ஜிலிப்சிக்குப் பதிலான லைப்ரரி) என்று வருகிற மற்றப் பைலை எடுத்தேன். தேவையான எல்லாம் அதற்குள்ளேயே இருப்பதால் சத்தமில்லாமல் ஓடியது. இப்போது எல்லா லினக்ஸுக்கும் அதையே கொடுக்கிறேன்.

மக்கில் இன்டெலுக்கு ஒன்று, அப்பிள் சிப்புக்கு இன்னொன்று. பிரவுசரில் இறக்கினால் மக் சந்தேகப்பட்டுத் தடுக்கும். டெர்மினலில் கேர்ல் கொமாண்ட் கொண்டு இறக்கினால் அந்தக் கரைச்சல் இல்லை. விண்டோஸில் நேரடியாக ஓடாது, டபிள்யூஎஸ்எல்லுக்குள் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி) ஓடும். விண்டோஸ்காரப் பிள்ளைகளுக்கு இது ஒரு வேலை கூடத்தான், ஆனால் லினக்ஸ் படிக்க வந்தவர்களுக்கு டபிள்யூஎஸ்எல் எப்படியும் தேவை.

தமிழைத்தான் கூடுதலாகச் சோதித்தேன். யூடிஎஃப்-8இல் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) ஒரு ‘க’வுக்கே மூன்று பைட், ‘கொ’வுக்கு ஆறு. வெளியீடு துண்டு துண்டாக வரும்போது எழுத்து நடுவில் வெட்டுப்பட்டால் கேள்விக்குறிதான் மிஞ்சும். பெரிய தமிழ்ப் பைல் ஒன்றை, பைலைத் திரையில் காட்டும் கேட் கொமாண்ட் போட்டு ஓடவிட்டுப் பதிந்தேன், ஓரெழுத்தும் உடையவில்லை. சில டெர்மினல்களில் கொம்பும் புள்ளியும் வரும் இடத்தில் கர்சர் தள்ளி நிற்கும். அது எழுத்தின் அகலத்தை டெர்மினல் கணக்குப் பார்க்கிற விதம், பதிவியின் குற்றமில்லை.

எனக்குப் பிடித்தது பைலின் உள்ளமைப்பு. 2.x பயன்படுத்திய இரண்டாம் பைல் வடிவத்தில் ஒவ்வொரு வரியிலும் தொடக்கத்திலிருந்து எத்தனை செக்கன் என்று இருக்கும். 3.0 எழுதும் மூன்றாவதில் முந்தைய வரிக்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று மட்டும் இருக்கும். கொமாண்ட் பிழையாக அடிபட்ட இடத்தை எடிட்டரில் திறந்து அந்த வரிகளை அழித்தால் போதும், பின்னால் வருபவை தாமாக முன்னுக்கு வரும். முன்பு அழித்த இடத்தில் வெறும் மௌனம் ஓடும்.

அஸ்கினெமாவின் ஸ்ட்ரீம் கொமாண்டை லோக்கலாகப் போட்டால் இன்டர்நெட் இல்லாமலே, ரவுட்டரில் இணைந்த போன்களின் பிரவுசரில் என் டெர்மினல் நேரலையாகத் தெரியும். அட்ரஸைக் குறிப்பிடாவிட்டால் அது சொந்த மெஷினுக்கு மட்டுமே திறக்கும். மற்ற மெஷின்களுக்கும் திறக்க 0.0.0.0 என்ற அட்ரஸும் போர்ட் எண்ணும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

மாற நினைப்பவர்கள் இதை முதலில் பாருங்கள்: பழைய 2.x வைத்திருப்பவரால் புதுப் பைலைத் திறக்க முடியாது. கன்வேர்ட் கொமாண்டில் இரண்டாம் வடிவத்துக்கு மாற்றி அனுப்பலாம். பழைய பாடங்களைப் புதியது அப்படியே ஓட்டும், அவற்றில் கை வைக்கத் தேவையில்லை.