சார்ஜ் ஏறாத மார்க் டூ: ஜூன் நாட்குறிப்பு

ஜூன் 3, கிருஷ்ணகிரி

வண்டி டைனமோ வைத்த பழைய அம்பாசிடர் மார்க் டூ. ராத்திரி முழுக்க எர்த் கேபிளைக் கழற்றி வைத்த பேட்டரி காலையில் 12.2 வோல்ட். பாதி சார்ஜ். நிறைந்திருந்தால் 12.6 காட்டணும். 12.0-க்கு வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம்.

ஹைட்ரோமீட்டர் விட்டு ஆசிட்டின் கிராவிட்டி, அதாவது அடர்த்தி, பார்த்ததில் ஆறு செல்லும் 1.190-ஐ ஒட்டியே நிற்கிறது. அதுவரைக்கும் நிம்மதி. ஒரே ஒரு செல் மட்டும் 0.050 கீழே கிடந்திருந்தால் அந்தப் பேட்டரியோடு மல்லுக்கட்டிப் பிரயோஜனமில்லை. ஆறும் ஒண்ணாக இறங்கியிருப்பதால் பேட்டரி நல்லது, சார்ஜ்தான் வந்து சேரவில்லை.

சாவி போட்டால் டாஷ்போர்டில் சார்ஜ் காட்டும் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிகிறது. இன்ஜின் ஓடினால் அணைகிறது. ஆனால் இருட்டில் ஹெட்லைட்டைப் போட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், செத்தும் சாகாமல் ஒரு மினுக்கம்.

21-ஆம் தேதி ராத்திரி சேலம் போகணும்.

ஜூன் 4

ஃபேன் பெல்ட் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்குகிறது. கோளாறு பெல்ட்டில் இல்லை.

ஜூன் 5

டைனமோ கடையில் வண்டியைப் பார்க்காமலே தீர்ப்பு. "காயில் போயிருக்கும்ணா. கழட்டிக் குடுங்க, சாயங்காலம் கட்டிக் குடுத்துடறேன்."

சார்ஜ் இல்லை என்றதும் டைனமோவைக் கழற்றுவது இந்த ஊர் வழக்கம் மட்டுமில்லை, எல்லா ஊரிலும் அப்படித்தான். வண்டியில் இருக்கும்போதே அஞ்சு நிமிஷத்தில் சோதித்துவிடலாம். டைனமோவின் பின்பக்கம் ரெண்டு டெர்மினல்: பெரியது டி, சின்னது எஃப். ரெண்டு வயரையும் கழற்றி, டெர்மினல்கள் இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைக்கணும். மீட்டரின் ஒரு முனை அந்த வயரில், இன்னொன்று டைனமோ பாடியில். பெயிண்ட் மேல் வைக்காமல் சுரண்டிய இடத்தில் வைக்கணும். இன்ஜினை ஐடிலில் விட்டு மெதுவாக ஏற்றினால் வோல்ட் துள்ளாமல் சீராக ஏறி, ஐடிலைக் கொஞ்சம் தாண்டும்போதே 20-ஐத் தொட்டால் டைனமோ சுத்தம். அதற்கு மேல் ரேஸ் கொடுக்கக் கூடாது. வோல்ட்டை அடக்கும் ரெகுலேட்டர் இல்லாமல் ஓடுகிறது, காயில் வெந்துவிடும்.

ஒரு வோல்ட்டுக்குள்ளேயே நின்றால் ஃபீல்டு காயிலில் கோளாறு. சி40 வகை டைனமோவில் எஃப்-க்கும் பாடிக்கும் நடுவே சுமார் 6 ஓம் இருக்கணும். 4, 5 வோல்ட்டில் திணறினால் உள்ளே சுழலும் ஆர்மேச்சரில் கோளாறு. ஒன்றுமே காட்டாவிட்டால் கார்பன் பிரஷ் தொடவில்லை, அல்லது உள்ளே மிச்சக் காந்தம் போய்விட்டது.

இது 20-ஐத் தொட்டது. காயில் கட்டத் தேவையில்லை.

ஜூன் 6

எல்லாவற்றையும் அணைத்து, கதவையும் சாத்தி, பேட்டரி டெர்மினலுக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப். எரியவில்லை. கரண்ட் ஒழுகவில்லை.

ஜூன் 8

கட்டவுட் பெட்டி. கடையில் எல்லோரும் முழுப் பெட்டியையும் கட்டவுட் என்றுதான் சொல்கிறார்கள். மூடியைத் திறந்தால் ரெண்டு காயில், ரெண்டும் வேறு வேறு வேலை: ரெகுலேட்டர் வோல்ட்டை அடக்கும், கட்டவுட் டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும். வண்டி நிற்கும்போது பாயிண்ட் (தொடுமுனை) சேர்ந்திருப்பது ரெகுலேட்டர், பிரிந்திருப்பது கட்டவுட். இந்த அடையாளம் போதும், குழப்பமே வராது. மூணு காயில் பெட்டிக்கு வேறு கணக்கு, அதில் இந்த எண்களைப் போடக் கூடாது.

கட்டவுட் பாயிண்ட் நடுவே ஒரு துண்டு காகிதம் செருகினால் பேட்டரி சர்க்யூட்டிலிருந்து விலகிக்கொள்ளும். மீட்டர் பெட்டியின் டி-க்கும் எர்த் டெர்மினலான இ-க்கும் நடுவே. ரேஸை ஏற்றிக்கொண்டே போனால் வோல்ட் ஏறி ஓரிடத்தில் நிலைக்கும். அதுதான் ரெகுலேட்டர் செட்டிங். 20 டிகிரியில் 16.0 முதல் 16.6, 40 டிகிரியில் 15.8 முதல் 16.4. அரை நிமிஷத்துக்குள் முடிக்கணும். நேரம் போனால் காயில் சூடேறி எண் பொய் சொல்லும்.

இதில் நிலைத்தது 14.3.

அதாவது யாரோ ஒரு புண்ணியவான், இந்தக் காலத்து ஆல்டர்னேட்டர் 14.2 என்று படித்துவிட்டு, அதே எண்ணைக் காகிதம் செருகிய நிலையில் இதற்கும் வைத்திருக்கிறார். இந்தப் பெட்டியின் சூட்சுமமே வேறு. வெளியே போகும் கரண்ட் ரெகுலேட்டர் காயில் மேலேயே தடித்த வயராகச் சில சுற்று சுற்றிப் போகிறது. கரண்ட் கூடக் கூட அந்தச் சுற்றும் சேர்ந்து இழுத்து வோல்ட்டைத் தானாக இறக்கும். வெறுமையில் 16 இருந்தால்தான் லோடில் பேட்டரிக்கு 14 சொச்சம் வரும். வெறுமையிலேயே 14.3 என்றால் லோடில் பேட்டரிக்குக் கிடைப்பது என்ன, நாமம்.

லாக் நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவை வலப்பக்கம், கால் சுற்றுக்கும் குறைவாக. ஒவ்வொரு தடவையும் இன்ஜினை நிறுத்தி, மறுபடி ஓட்டிப் பார்த்து 16.0-இல் வைத்தாயிற்று. கட்டவுட் 13.0-இல் சேர்கிறது. 12.7 முதல் 13.3 வரை சரி, அதைத் தொடவில்லை.

இ டெர்மினலின் எர்த் வயரையும் கழற்றித் தேய்த்து இறுக்கினேன். அது விட்டுப்போனால் ரெகுலேட்டருக்கு வோல்ட்டே தெரியாது, டைனமோ கட்டறுத்துக்கொண்டு ஓடும். பல்பு பல்பாகப் போகிறது, ஆசிட் கொதிக்கிறது என்று வருகிற வண்டிகளில் முதலில் அந்த ஒற்றை வயரைப் பார்க்கலாம்.

ஜூன் 9

மினுக்கம் இருக்கிறது.

ஜூன் 10

பகலில் ஓட்டி வந்ததில் கிராவிட்டி 1.225. ஏறுகிறது. சந்தோஷப்படணும். ஆனால் ராத்திரி அந்தச் சிவப்பு.

ஜூன் 12

அந்த விளக்கின் ஒரு கால் டி-யில், இன்னொரு கால் சாவியில். ரெண்டு பக்கமும் ஒரே வோல்ட் இருந்தால் எரிய வழியே கிடையாது. மினுக்குகிறது என்றால் ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது, நடுவில் எங்கேயோ வோல்ட் தின்னப்படுகிறது. டைனமோ பலவீனம் என்று இதற்கு அர்த்தமில்லை. பல சமயம் நேர் எதிர்: டைனமோ கொடுக்கிறது, வழியில் வாங்குவார் இல்லை.

ஹெட்லைட் போட்டு, இன்ஜினை 2000 ஆர்பிஎம்-க்குப் பக்கம் நிறுத்தி, விளக்கு ஹோல்டரின் ரெண்டு காலிலும் மீட்டர்: 2.1 வோல்ட். பெட்டியில் டி-க்கும் பேட்டரிக்குப் போகிற ஏ-க்கும் நடுவே மட்டும்: 1.3.

பேட்டரி கேபிளைக் கழற்றிவிட்டு கட்டவுட் பாயிண்டைப் பார்த்தால் ஒரு பக்கம் குழி, எதிர்ப்பக்கம் மேடு, சுற்றிலும் கரி. இங்கேதான் பலர் எமரித் தாளை எடுக்கிறார்கள். கட்டவுட் பாயிண்ட் வெள்ளி, மெத்தென்றிருக்கும். எமரித் துகள் அதில் பதிந்துகொண்டு போகாது. நைசான கண்ணாடித் தாளை ஒரு கீற்றாக வெட்டி, பாயிண்டை விரலால் லேசாக மூடி, உள்ளே வெளியே இழுக்கணும். ரெகுலேட்டர் பாயிண்ட் டங்ஸ்டன், அதற்கு சிலிக்கான் கார்பைடு தாள். கடைசியில் ரெண்டுக்கும் ஸ்பிரிட் நனைத்த துணி. தாள் துணுக்கு ஒட்டியிருந்தால் நாளைக்கே புதுக் கோளாறு.

டி-ஏ நடுவே இப்போது 0.2. ஹோல்டரில் 1.0.

மிச்சம் 0.8 எங்கே?

ஜூன் 13

0.8.

ஜூன் 14

மாங்காய் லாரிகள் ரோட்டை அடைத்து நிற்கின்றன, கூழ் ஃபேக்டரி வாசல் வரைக்கும். வண்டியை வெளியே எடுக்கவில்லை. நிற்கிற நேரத்தில் டைனமோவில் ஷாஃப்டைத் தாங்கும் பின் புஷ்ஷைப் பார்த்தேன். புல்லியைப் பிடித்து ஆட்டினால் முன் பேரிங் கெட்டி, பின்பக்கம் ஷாஃப்ட் ஆடுகிறது. இப்படியே விட்டால் ஆர்மேச்சர், சுற்றியிருக்கும் 'போல் ஷூ' என்ற இரும்புத் துண்டில் உரசும். அப்போதுதான் நிஜமாகவே காயில் கட்டணும். கடைக்காரர் வாக்கு பலித்துவிடும்.

பின் புஷ் வெண்கலத் துகள் புஷ், எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ரகம். அதற்குப் பதில் லேத்தில் பித்தளையில் கடைந்து போட்டுத்தருவதாகச் சொல்வார்கள், வேண்டாம். புதுப் புஷ்ஷை இன்ஜின் ஆயிலில் 24 மணி நேரம் ஊறப்போட்டிருக்கிறது.

ஜூன் 15

புஷ் ஏறியது. திறந்ததுதான் திறந்தோம் என்று கார்பனும் பார்த்தாயிற்று. 7 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் மாற்றணும், 9 இருந்தாலும் புதிது போட்டேன். கார்பன் தொடுகிற செம்பு வளையமான கம்யூட்டேட்டரில் நைஸ் உப்புத்தாளைச் சுற்றி, கார்பன் முகம் வளைவாகப் படியும்வரை திருப்பணும். செம்புப் பட்டைகளுக்கு நடுவே மைக்கா மேலே வந்திருந்தால் கார்பன் துள்ளும். ஹேக்ஸா பிளேடின் பக்கங்களை அரைத்து மெல்லிசாக்கி, 0.8 மில்லிமீட்டர் ஆழம் கீறிவிட்டேன். பழுப்பு மினுமினுப்பு இருந்தால் அதைத் தேய்க்காதீர்கள், அது நல்லதற்கு அடையாளம்.

மாட்டியதும் போலாரிட்டி, அதாவது பிளஸ்-மைனஸ் திசை. எஃப் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி கரண்ட் உள்ள ஒரு வயரால் எஃப் டெர்மினலை இரண்டு மூன்று முறை தொட்டெடுக்கணும், சின்னப் பொறி பறக்கும். பாசிட்டிவ் எர்த் வண்டியோ நெகட்டிவ் எர்த் வண்டியோ, வேலை ஒன்றுதான். இதை விட்டுவிட்டுத் திசை மாறிய டைனமோவை ஓட்டினால் கட்டவுட் பாயிண்ட் ஒட்டிப்போகும்.

ஒட்டிப்போனால் இன்ஜினை நிறுத்தினாலும் பேட்டரி டைனமோவுக்குள் கொட்டும், வயர் புகையும். அந்த நேரத்தில் பெட்டியைத் தட்டிக்கொண்டு நிற்காமல் பேட்டரி கேபிளைப் பிடுங்கணும்.

ஜூன் 17

காவேரிப்பட்டணம் தாண்டி தர்மபுரி வரை போய் வந்தது. கிளாம்ப் மீட்டர் ஏ வயரில். பகலில், ஓட்டத்தில் முதலில் 14 ஆம்பியர், திரும்பும்போது 5. பேட்டரி நிறைய நிறையக் குறைகிறது, அப்படித்தான் குறையணும்.

சேலத்துக்குக் கணக்கு: ஹெட்லைட் ரெண்டு 45 வாட் என்றால் ஏழரை ஆம்பியர், பின் விளக்கு வகையறா 2, இக்னிஷன் 3, வைப்பர் 3. ஆக பதினஞ்சரை. டைனமோவின் உச்சம் 22, அதுவும் ஓட்டத்தில். ஐடிலில் பூஜ்யம். தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஹெட்லைட்டோடு அரை மணி நின்றால் எட்டு ஆம்பியர்-அவர் பேட்டரியிலிருந்து போகும். நிற்கும்போது பார்க் லைட் மட்டும். ஆல்டர்னேட்டர் வண்டிக்காரர்களுக்கு இந்தக் கவலையே புரியாது, புரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஜூன் 18

பிடிபட்டது. ஏ1.

ஹெட்லைட் சுவிட்சுக்கும் சாவிக்கும் கரண்ட் போவது ரெண்டும் ஏ1 டெர்மினலிலிருந்து. ஹெட்லைட் இல்லாதபோது அந்த வயரில் கரண்ட் கம்மி, வோல்ட் தின்பது தெரியாது. ஹெட்லைட் போட்டால் கூடவே சாவிக்குப் போகிற வோல்ட்டும் இறங்கும், டி உயர்ந்து நிற்கும், சிவப்பு மினுக்கும். மீட்டர் ஒரு முனை ஏ1 ஸ்க்ரூவின் தலையில், மறு முனை அதே வயரின் செம்பில் குத்தி: 0.7. ஒரு விரற்கடைக்குள்!

வயரை இழுத்தால் பாதி இழை பச்சை பூத்து அறுந்திருக்கிறது. மிச்ச இழைகளில்தான் இத்தனை நாளும் ஹெட்லைட் எரிந்தது. பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டி, வயர் முனைக்குப் புது திம்பிள் வைத்து நசுக்கி, சாலிடரும் விட்டேன். ஹோல்டரில் இப்போது 0.3. இருட்டில் கையால் மறைத்துப் பார்த்தும் சிவப்பு இல்லை.

ஜூன் 19

கிராவிட்டி 1.260, ஆறும். சார்ஜ் ஏறிய பிறகு டிஸ்டில்டு வாட்டர், பிளேட்டுக்கு மேல் தொடும் அளவு. ஏறுவதற்கு முன்னால் ஊற்றினால் பொங்கி டிரேயில் வழியும், கேபிள் எல்லாம் உப்புப் பூக்கும்.

ஜூன் 20

சாயங்காலம் மழை. லைட், வைப்பர், ஹாரன் எல்லாம் போட்டு ராயக்கோட்டை ரோட்டில். பேட்டரியில் 13.4, இறங்கவில்லை.

ஜூன் 21

காலை 12.6. டிக்கியில் ஸ்பேர் பெல்ட், 35 ஆம்பியர் ஃப்யூஸ் ரெண்டு, டெஸ்ட் லேம்ப், ரெண்டு அடி வயர், கண்ணாடித் தாள். ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பணும். அதுக்கு முன்னால் ஏ1 ஸ்க்ரூவை இன்னொரு தடவை